‘கலர்’ என்றால் நிறம் மட்டும்தானா?

சென்ற கோடையில் வீட்டுச் சுவருக்கு வண்ணம் அடிக்கலாம் என்று பெயிண்ட் கடைக்குப் போனேன். “வெளிர் பச்சை வேண்டும்” என்றேன், ஏதோ தெளிவாகச் சொல்லிவிட்ட நினைப்பில். கடைக்காரர் மேசைக்கு அடியிலிருந்து விசிறிபோல விரியும் ஷேடு கார்டு ஒன்றை எடுத்து என் முன்னால் பரப்பினார். நான் ‘வெளிர் பச்சை’ என்று நினைத்திருந்த இடத்தில் மட்டும் முப்பது நாற்பது துண்டுகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஓர் எண். “ஷேடு நம்பரைச் சொல்லுங்கள் சார், மெஷினில் போட்டுத் தருகிறேன்” என்றார்.

அரை மணி நேரம் திண்டாடி ஓர் எண்ணைச் சொன்னேன். அவர் வெள்ளை பேஸ் இருந்த டப்பாவைத் திறந்து இயந்திரத்துக்கு அடியில் வைத்தார். கணினியில் எண்ணைத் தட்டியதும் மேலிருந்து பச்சை ஒரு கோடாக, மஞ்சள் சில சொட்டாக, கருமை ஒரே ஒரு பொட்டாக வெள்ளையின் நடுவே விழுந்தன. மூடியை அடித்து இறுக்கி, குலுக்கும் இயந்திரத்தில் வைத்துச் சில நிமிடம் உலுக்கி எடுத்தார். திறந்தபோது பச்சையும் மஞ்சளும் கருமையும் போன இடம் தெரியவில்லை. நான் கேட்ட நிறம் மட்டும் இருந்தது.

பக்கத்தில் நின்றவர் அடர்ந்த மெரூன் கேட்டார். “அது வெள்ளை பேஸில் வராது, வேறு பேஸ் போட வேண்டும்” என்று சொல்லி இன்னொரு டப்பாவைத் தேடப் போனார் கடைக்காரர். எவ்வளவு சிவப்பை ஊற்றினாலும் வெள்ளை அதை இளக்கிக்கொண்டே இருக்கும் அல்லவா? கலர் என்ற சொல்லையும் அதன் கூட்டாளிகளையும் புரிந்துகொள்ள இந்தக் கடையைவிட நல்ல வகுப்பறை கிடையாது.

ஹியூ, டின்ட், ஷேடு, டோன்

ஆங்கில அகராதியில் கலருக்கு நேராக இந்த நான்கையும் ஒரே மூச்சில் அடுக்கிவிடுவார்கள். படிப்பவர் நான்கும் ஒன்று என்றே நினைப்பார். ஓவியரிடமோ சாயப்பட்டறைக்காரரிடமோ கேட்டால் கதை வேறு.

ஹியூ என்பது நிறத்தின் இனம். சிவப்பா, பச்சையா, நீலமா என்ற கேள்விக்கு வரும் விடை அது. அந்த இனத்தோடு வெள்ளை சேர்ந்தால் டின்ட். கறுப்பு சேர்ந்தால் ஷேடு. இரண்டும் கலந்த சாம்பல் சேர்ந்தால் டோன். நான் வாங்கி வந்த வெளிர் பச்சை ஏறக்குறைய டின்ட். அந்த ஒரு பொட்டுக் கருமையால் கொஞ்சம் டோன் பக்கமும் சாய்ந்திருந்தது. பக்கத்துக்காரரின் மெரூன், ஷேடு.

அப்படியானால் டின்ட், ஷேடு எல்லாம் அடங்கிய அட்டைக்கு ஏன் ஷேடு கார்டு என்று பெயர்? அன்றாட ஆங்கிலம் ஓவியர்களின் இலக்கணத்துக்குக் கட்டுப்படுவதில்லை என்பதுதான் காரணம். பேச்சில் ஷேடு என்றால் ‘ஒரு நிறத்துக்குள் இருக்கும் வகைகளில் ஒன்று’ என்ற அளவில் நின்றுவிடும். ‘லைட் ஷேடு’ என்று கடையில் சொல்வது ஓவியரின் கணக்கில் முரண். பேச்சுக் கணக்கில் குற்றமே இல்லை. கட்டுரை எழுதும்போது எந்தக் கணக்கில் எழுதுகிறோம் என்பது தெரிந்திருந்தால் போதும்.

இந்தச் சொற்கள் பிறந்த வீடுகளும் வேறு வேறு. ஷேடு பிறந்தது நிழலில். மரநிழலுக்கும் அதே சொல்தான். வெயிலுக்குப் போடும் கறுப்புக் கண்ணாடியைப் பன்மையில் ‘ஷேட்ஸ்’ என்பதும், விளக்குக்கு மேல் கவிழ்க்கும் கூண்டு லேம்ப் ஷேடு ஆனதும் அந்த வழியில்தான். பொருளில் தெரியும் நுட்பமான வேறுபாட்டையும் ஷேடு என்பார்கள். தமிழில் ‘சாயல்’ என்ற சொல் கிட்டத்தட்ட அந்த வேலையைச் செய்கிறது.

டோன் இசையிலிருந்து வந்தது. கிரேக்கத்தில் ‘இழுத்துக் கட்டுதல்’ என்ற பொருள். கட்டிய நரம்பு எழுப்பும் ஒலிக்குப் பெயராகி, பிறகு நிறத்துக்கும் ஆனது. டின்ட்டின் வேர் லத்தீனில் ‘தோய்த்தல்’. ஏதோ ஒன்று இலேசாகக் கலந்திருப்பதைச் சொல்லும் டின்ஜ் அதன் உடன்பிறப்பு. காயத்துக்குப் போட்டதும் நம்மைத் துள்ளவைத்த டிங்சர் அயோடினில் வரும் டிங்சரும் அதே குடும்பம்.

ஹியூ மட்டும் பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல். அங்கே அதற்கு உருவம், தோற்றம் என்ற பொருளும் இருந்தது. பிரெஞ்சு வழியாகக் கலர் வந்து உட்கார்ந்ததும் ஹியூ மெல்லத் திண்ணைக்குத் தள்ளப்பட்டது. இப்போது ஓவியர்கள், கவிஞர்கள், கணினி வரைகலைஞர்கள் கையில் மட்டும் புழங்குகிறது. ஆங்கில நாளிதழ்களில் ‘ஹியூ அண்டு கிரை’ என்று படித்தால் நிறத்தைத் தேட வேண்டாம். அது ஒலியில் மட்டும் ஒத்த வேறொரு சொல். திருடனைத் துரத்த ஊரே கூச்சலிட்டு ஓடியதிலிருந்து வந்தது.

டை, பிக்மென்ட் என்ற இரண்டையும் கலருக்கு மாற்றாக எழுதக் கூடாது. நிறத்தைத் தரும் பொருள்கள் அவை. திரவத்தில் கரைந்து நூலுக்குள் ஊறிப் பிடிப்பது டை, நம் சாயம். கரையாமல் பொடியாகவே இருந்து பரப்பில் படிவது பிக்மென்ட், நம் நிறமி. சேலைக்குச் சாயம், சுவருக்கு நிறமி என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பெயர் கிடைத்த நிறங்களும் கிடைக்காதவையும்

சிவப்பில் வெள்ளையைக் கலந்தால் வருவது சிவப்பின் டின்ட். ஆனால் ஆங்கிலேயர் யாரும் அதை வெளிர் சிவப்பு என்று சொல்ல மாட்டார். அதற்குப் பிங்க் என்று தனிப்பெயர் உண்டு. நீலத்தில் வெள்ளையைக் கலந்தால் வருவதற்கு அந்த யோகம் இல்லை. அது வெறும் வெளிர் நீலம். ரஷ்ய மொழியில் வெளிர் நீலத்துக்கு ‘கலுபோய்’, அடர் நீலத்துக்கு ‘சீனிய்’ என்று தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. நமக்குப் பிங்க்கும் சிவப்பும் எப்படியோ, அவர்களுக்கு அவை அப்படி.

இன்னொன்று இதைவிட வேடிக்கை. பழுப்பு என்பது தனி இனம் என்றே நாம் நினைக்கிறோம். வானவில்லில் அதைக் கண்டிருக்கிறீர்களா? இருக்காது. பழுப்பு, இருண்ட ஆரஞ்சு. நம்பிக்கை இல்லையென்றால் கணினியில் ஏதாவது ஓவியச் செயலியைத் திறந்து சிவப்பு 255, பச்சை 165, நீலம் 0 என்று கொடுங்கள். பளிச்சென்ற ஆரஞ்சு வரும். மூன்றையும் பாதியாக்கி 128, 82, 0 என்று மாற்றுங்கள். திரையில் இருப்பது பழுப்பு. ஓவியர் கணக்கில் ஆரஞ்சின் ஷேடு அது. முதல்முறை செய்து பார்த்தபோது நான் எண்களைத் தவறாகத் தட்டிவிட்டேனோ என்று மறுபடியும் தட்டிப் பார்த்தேன்.

பிரென்ட் பெர்லின், பால் கே என்ற இரு ஆய்வாளர்கள் 1969இல் வெளியிட்ட ஆய்வில் ஆங்கிலத்துக்கு அடிப்படை நிறச்சொற்கள் பதினொன்று என்று வகுத்தார்கள். கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்ற ஆறோடு பழுப்பு, ஊதா, பிங்க், ஆரஞ்சு, சாம்பல் ஆகியவை அந்தப் பட்டியலில் உண்டு. மற்றவையெல்லாம் இவற்றின் வகை என்றோ ஏதாவதொரு பொருளின் பெயரை இரவல் வாங்கியவை என்றோ சொல்லிவிடலாம்.

இரவல் பெயர் என்றால் ஆரஞ்சும்தானே என்று நீங்கள் கேட்டால் கேள்வி நியாயமானது. பழம் வருவதற்கு முன் அந்த நிறத்துக்கு ஆங்கிலத்தில் தனிச்சொல் கிடையாது. சிவப்போடோ மஞ்சளோடோ சேர்த்துவிட்டார்கள். நெஞ்சில் ஆரஞ்சுப் பூச்சோடு திரியும் ராபின் குருவியை ஆங்கிலேயர் இன்றும் ‘செந்நெஞ்சுக் குருவி’ என்ற பொருளில் அழைப்பதும், ஆரஞ்சுத் தலைமுடிக்காரரைச் ‘செந்தலை’ என்பதும் அந்தக் காலத்து மிச்சம். பழம் வந்து, பதினாறாம் நூற்றாண்டில் அதன் பெயரே நிறத்துக்கும் ஆயிற்று. பழத்தின் பெயர் பிரெஞ்சு, ஸ்பானியம், அரபி, பாரசீகம் என்று பின்னோக்கிப் போய் வடமொழியின் ‘நாரங்க’வில் நிற்கிறது. அதற்கும் பின்னால் திராவிட வேர் இருக்கலாம் என்பது சொற்பிறப்பியல் அறிஞர் பலரின் கருத்து. சான்றுக்கு அவர்கள் காட்டுவது நம் நாரத்தையைத்தான். ஊறுகாய் ஜாடியில் உட்கார்ந்திருக்கும் நாரத்தங்காய் இத்தனை நாடு சுற்றி ஆரஞ்சு என்று பெயரை மாற்றிக்கொண்டு வீடு திரும்பியிருக்கிறது.

மூடியிருப்பது

இனி கலர் என்ற சொல்லுக்கே வருவோம். லத்தீனிலும் அது கலர்தான். அதன் வேருக்கு ‘மூடு, மறை’ என்று பொருள் சொல்கிறார்கள். மறைத்தலைக் குறிக்கும் ‘கன்சீல்’ என்ற ஆங்கிலச் சொல்லும் அந்த வேரில் முளைத்ததே. பொருளின் மேல் போர்த்தியிருப்பது எதுவோ அது கலர். வடமொழியின் வர்ணம் என்ற சொல்லுக்கும் ‘மூடு’ என்ற பொருளுள்ள வினைவேரையே காட்டுகிறார்கள். இரண்டு மொழிகளும் நிறத்தைப் போர்வையாகப் பார்த்திருக்கின்றன.

இந்த ஒரு சங்கதியைக் கையில் பிடித்துக்கொண்டால் கலரின் விசித்திரமான பொருள்கள் பலவும் தாமாக வழிக்கு வந்துவிடும். சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 வரை நடப்பில் இருந்த, 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் தற்காப்புரிமையின் எல்லைகளைப் பேசிய 99ஆம் பிரிவில் அரசு ஊழியர் ‘தம் பதவியின் கலரின்கீழ்’ செய்யும் செயல் என்று வந்தது. பதவிக்கு என்ன நிறம்? பதவி என்ற போர்வையோடு, அதிகாரம் இருக்கிறது என்ற தோற்றத்தோடு செய்வது என்பதே பொருள். செயல் சட்டப்படி முழுக்கச் சரியாக இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

அரசியல் சட்ட வழக்குகளில் ‘கலரபிள் லெஜிஸ்லேஷன்’ என்றொரு தொடர் அடிக்கடி அடிபடும். சட்டமன்றம் தனக்கு அதிகாரம் இல்லாத ஒரு காரியத்தை, அதிகாரம் உள்ள வேறொரு காரியம் போல வேடமிட்டுச் செய்தால் அதற்குப் பெயர் அது. 1953இல் ஒரிசாவிலிருந்து வந்த கஜபதி நாராயண தேவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தக் கோட்பாட்டை விரித்துரைத்தது. ‘வண்ணமயமான சட்டம்’ என்று யாராவது மொழிபெயர்த்து வைத்தால் படிப்பவர் திருவிழாவை நினைத்துக்கொள்வார்.

திருவிழா என்றதும் நினைவுக்கு வருகிறது. லண்டனில் ஆண்டுதோறும் ஜூன் மாதம் ‘ட்ரூப்பிங் தி கலர்’ என்று ஓர் அணிவகுப்பு நடக்கிறது. மன்னரின் பிறந்தநாள் கொண்டாட்டம்; 1748இலிருந்து அரசரின் பிறந்தநாளோடு சேர்த்துச் சொல்லப்படுவது. ‘நிறத்தை அணிவகுத்தல்’ என்று ஒரு தமிழாக்கத்தில் படித்துவிட்டுக் குழம்பியிருக்கிறேன். இங்கே கலர் என்பது படைப்பிரிவின் கொடி. பழைய போர்க்களத்தில் வெடிமருந்துப் புகைக்கு நடுவே தன் படை எங்கே என்று சிப்பாய்க்குத் தெரிய வேண்டும். அதற்காகக் கொடியை வீரர்களின் வரிசைகளுக்கு முன்னால் மெதுவாகக் கொண்டுபோய், எல்லோர் கண்ணிலும் பதியவைத்தார்கள். அந்தப் பழக்கம்தான் இன்று குதிரைகளும் வாத்தியங்களுமாக நடக்கிறது.

நம் ஊரிலும் இந்தப் பொருள் வழக்கில் உண்டு. சிறப்பாகப் பணியாற்றும் படைப்பிரிவுக்கோ காவல் துறைக்கோ இந்தியாவில் ‘பிரெசிடென்ட்ஸ் கலர்’ வழங்குகிறார்கள். தமிழ்நாடு காவல்துறைக்கு அது 2022 ஜூலை 31 அன்று சென்னையில் வழங்கப்பட்டது. தமிழ் நாளிதழ்கள் ‘குடியரசுத் தலைவர் கொடி’ என்று சரியாகவே எழுதின.

கப்பல்களிலும் கலர் என்றால் கொடிதான், அங்கே பெரும்பாலும் பன்மையில். கடற்கொள்ளையர்கள் வேறு நாட்டுக் கொடியை ஏற்றி ஏமாற்றியதால் ‘பொய்க் கலர்கள்’ என்ற வழக்கு வந்தது. ஆள் உண்மையில் யார் என்று வெளிப்பட்டுவிட்டால் ‘தன் உண்மைக் கலர்களைக் காட்டிவிட்டான்’ என்பார்கள். தமிழில் இதைச் சொல்லப் புதிதாக எதையும் தேட வேண்டாம். “அவன் சாயம் வெளுத்துவிட்டது” என்றால் முடிந்தது. அங்கே கொடி இறங்குகிறது, இங்கே சலவையில் வெளுக்கிறது. இரண்டு வழியிலும் போர்வைதான் விலகுகிறது. கொடி பறக்கப் பறக்கத் துறைமுகம் திரும்பும் கப்பலிலிருந்து, மிகச் சிறப்பாகத் தேறினான் என்பதற்கான ‘ஃபிளையிங் கலர்ஸ்’ வந்தது. கொள்கையில் பிடிவாதமாக நிற்பவரைப் பற்றிச் சொல்லும்போது ‘கலர்களைப் பாய்மரத்தில் ஆணியடித்துவிட்டார்’ என்பார்கள். போரில் கொடியை இறக்கினால் சரணடைந்ததாகப் பொருள். ஆணி அடித்துவிட்டால் இறக்க முடியாது. 1797இல் கேம்பர்டவுன் கடற்போரில் ஜாக் கிராஃபர்ட் என்ற மாலுமி குண்டடிக்கு நடுவே மரத்தில் ஏறி உண்மையாகவே ஆணியடித்துவிட்டு வந்தார்.

முகமும் தோலும்

கலர் மனிதர்மேல் வந்து உட்காரும்போது கவனம் அதிகம் வேண்டும். ஒருத்தி ‘கலரானாள்’ என்று ஆங்கிலக் கதையில் வந்தால் வெட்கத்தாலோ சினத்தாலோ முகம் சிவந்தாள் என்று பொருள். முகத்தின் கலர் வடிந்தது என்றால் வெளிறிப்போனாள். இதில் நமக்கு எந்தச் சிரமமும் இருக்காது. ‘கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள’ என்று தொல்காப்பியமே இலக்கணம் எழுதி வைத்திருக்கிறது. இரண்டும் சினத்தைக் குறிக்கும் என்று முதலில் சொல்லிவிட்டு, அடுத்த நூற்பாவில்தான் அவை நிறத்தைக் காட்டவும் உரியவை என்கிறது. ‘முகம் கறுத்தது’ என்று நாம் இன்றும் சொல்வது அந்த வழியில்தான்.

‘ஆஃப் கலர்’ என்பதில் ஒரு பள்ளம் இருக்கிறது. பிரிட்டிஷ்காரர் இன்று ஆஃப் கலராக இருக்கிறேன் என்றால் உடம்பு கொஞ்சம் சரியில்லை என்கிறார். அமெரிக்கர் ஒரு நகைச்சுவையை ஆஃப் கலர் என்றால் அது கொஞ்சம் ஆபாசம் என்கிறார். ‘கலர்ஃபுல்’ மொழி என்பதும் அப்படியே. பாராட்டு என்று மகிழ்ந்துவிடாதீர்கள், கெட்ட வார்த்தை பேசுகிறார் என்பதன் நாகரிக வடிவம் அது.

தோலின் நிறத்தைப் பேசும்போது பள்ளம் பெரியது. ‘கலர்டு’ என்ற சொல் ஆங்கிலத்தில் நெடுங்காலம் வெள்ளையர் அல்லாதவரைக் குறித்தது. 1909இல் அமெரிக்காவில் கறுப்பின மக்களின் உரிமைக்காகத் தொடங்கிய பெரிய அமைப்பின் பெயரில் அந்தச் சொல் இன்றும் அப்படியே இருக்கிறது. பெயரில் இருக்கிறதே என்று நீங்கள் ஒருவரைப் பார்த்து அப்படிச் சொல்லிவிடக் கூடாது. இன்று அது இழிசொல். ‘பர்சன் ஆஃப் கலர்’ என்ற தொடர் புழக்கத்தில் இருக்கிறது, மரியாதையும் உண்டு. இரண்டுக்கும் நடுவே இலக்கணத்தில் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு முழுக்க வரலாற்றில் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் 1950ஆம் ஆண்டின் மக்கள் பதிவுச் சட்டம் கலர்டு என்பதை ஓர் இனப் பிரிவாகவே எழுதி வைத்தது. கலப்பு மரபினர் பலரும் அங்கே இன்றும் தம்மை அப்படி அழைத்துக்கொள்வதால், அந்த நாட்டில் அதற்குத் தனிக் கணக்கு.

இதே சொல் தமிழுக்குள் வந்து என்ன ஆனது பாருங்கள். பெண் பார்த்துவிட்டுத் திரும்பிய உறவினர் “பெண் நல்ல கலர்” என்றால், சிவப்பாக, அதாவது வெளுப்பாக இருக்கிறாள் என்று பொருள். ஆங்கிலத்தில் கலர் இருப்பவர் வெள்ளையர் அல்லாதவர். தமிழில் கலர் இருப்பவர் வெளுத்தவர். “கலர் கம்மி” என்றால் கருப்பு. சொல்லைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டோம். அதற்குள் இருந்த ஏற்றத்தாழ்வை மட்டும் கொட்டாமல் காப்பாற்றிக்கொண்டோம்.

சில்லறைகள்

வினைச்சொல்லாக வரும் கலருக்கு வண்ணம் தீட்டுவது போக, ஒரு கருத்தை ஒருபக்கம் சாய்ப்பது என்றும் பொருள் உண்டு. பழைய பகை என் தீர்ப்பைக் கலராக்கியது என்றால், பகை அதில் புகுந்துவிட்டது. மிகைப்படுத்திச் சொன்ன கதையும் கலர் பூசிய கதையே. நாம் கண், காது, மூக்கு வைத்துச் சொல்வோம். ஒரு வட்டாரத்தின் மணம் எழுத்தில் வந்தால் ‘லோக்கல் கலர்’; நம் மண்வாசனை. இயற்பியலாளர்கள் அணுக்கருவுக்குள் இருக்கும் குவார்க்குகளுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்று கலர் சூட்டியிருக்கிறார்கள். கண்ணால் காணும் நிறத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒரு பெயர் வேண்டியிருந்தது, வைத்தார்கள்.

எழுத்துக்கூட்டல் பற்றியும் கேட்பார்கள். பிரிட்டனில் சொல்லின் பின்பகுதியில் ‘ஆர்’ எழுத்துக்கு முன் ‘யூ’ உண்டு, அமெரிக்காவில் கிடையாது. 1755இல் சாமுவேல் ஜான்சனின் அகராதி யூவோடு எழுதியது. 1828இல் நோவா வெப்ஸ்டரின் அமெரிக்க அகராதி அதை வெட்டியது. லத்தீனில் அந்த யூ இல்லை என்பதால் வெப்ஸ்டர் பக்கமும் நியாயம் இருக்கிறது. நம் பள்ளிகளில் யூவோடு எழுதினால்தான் மதிப்பெண். அதே மாணவர் பிறகு இணையப் பக்கம் வடிவமைக்கக் கற்று, பழக்கத்தில் யூவைப் போட்டுவிட்டு, எழுத்து ஏன் சிவப்பாக மாறவில்லை என்று இரவெல்லாம் உட்கார்ந்திருப்பார். கணினிக் குறிமொழி அமெரிக்கப் பிள்ளை, யூவை அறியாது.

தென் மாவட்டங்களில் வளர்ந்தவர்கள் இவ்வளவு நேரமும் ஒன்றுக்காகக் காத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் பையனைக் கடைக்கு விரட்டி “இரண்டு கலர் வாங்கி வா” என்பார்களே, அந்தக் கலர் எந்த ஆங்கில அகராதியிலும் இல்லை. சோடா வெறும் சோடா. அதில் நிறமும் இனிப்பும் சேர்ந்தால் கலர். பையன் கடையில் போய் நின்றதும் கடைக்காரர் “என்ன கலர்?” என்று கேட்பார். “மஞ்சள் ஒன்று, ஆரஞ்சு ஒன்று” என்று பையன் சொல்வான்.